கிராம் அம்மாவுக்கு வந்த சோதனை

நவம்பர் 14, வியாழக்கிழமை. காலையிலிருந்து தூறல். பதினொரு மணிக்கு மேல் தூறல் நின்றது. வெயில் மட்டும் வரலாமா வேண்டாமா என்று மேகத்துக்குப் பின்னால் யோசித்துக்கொண்டிருந்தது. காற்றின் ஈரப்பதம் எண்பத்தாறு விழுக்காடு என்று மருத்துவமனை வரவேற்பறைச் சுவரில் இருந்த கருவி காட்டியது. அக்கருவி சரியாகத்தான் காட்டுகிறதா என்று முத்திரை ஆய்வாளர் சந்தேகப்பட்டார். அவருக்கு எல்லாக் கருவிகளின் மீதும் சந்தேகம் உண்டு. அதற்காகவே அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்து வந்தது.

முத்திரை ஆய்வாளர் என்பவர் யார் என்பதை முதலிலேயே விளக்கிவிடுதல் நலம். கடைகளில் இருக்கும் தராசும் படிக்கல்லும் லிட்டர் குவளையும் உண்மை பேசுகின்றனவா என்று சோதித்து, உண்மை பேசுவனவற்றுக்கு முத்திரை குத்தி, பொய் பேசுவனவற்றைப் பறிமுதல் செய்யும் அதிகாரியே முத்திரை ஆய்வாளர் ஆவார். நம்முடைய ஆய்வாளர் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. கடைத்தெருவில் அவருக்கு வழங்கிய பெயர் ‘கிராம் அம்மா’. அவர் தெருமுனையில் திரும்புகிறார் என்ற செய்தி வந்தாலே, தராசுத் தட்டுகளின் மேல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த கட்டைவிரல்கள் யாவும் தத்தம் சட்டைப் பைகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அத்தகையவர் அன்று ‘பெண்கள் இயன்முறை சிகிச்சை, அறை எண் 6’ என்ற பலகையின் கீழ், எவர் கண்ணிலும் படாதவாறு, ஒரு பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அவருடைய அக்கா.

அக்கா தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊரார் குரல்களையெல்லாம் முப்பத்தொரு ஆண்டுகள் காது வழியாக வாங்கிச் சேர்த்தவர், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவற்றை வாய் வழியாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். மேலாளர் தும்முவது, வக்கீல் கடன்காரனிடம் குழைவது, பக்கத்து வீட்டுக்காரி பூனையைக் கண்டிப்பது என்று அவர் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. சிறு வயது முதலே அக்கா பேசுவதும் தங்கை சிரிப்பதும் அந்தக் குடும்பத்தின் வேலைப் பங்கீடு. இருவரும் தத்தம் கடமையில் ஒருநாளும் தவறியதில்லை.

பதினெட்டு மாதங்களுக்கு முன்பு, அக்கா வீட்டுச் சோபாவில், பல் டாக்டர் ஒருவர் தன் மாமியாருக்கே பல் பிடுங்கும் காட்சியை அக்கா நடித்துக் காட்டியபோது, தங்கை விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பின் நடுவே, தன்னால் நிறுத்த முடியாத ஒன்று நிகழ்ந்துகொண்டிருப்பதை உணர்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் காலம் கடந்திருந்தது. உடனே அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் தன் மடி மீதே கவிழ்த்து, பழி முழுவதையும் தேநீரின் தலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து அவர் அக்காவின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்காவிடம் உண்மையைச் சொல்லலாமே என்றால், அதைவிட ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிடலாம். அக்காவின் வாயில் விழுந்தது எதுவும் நடிப்பாக மாறாமல் வெளியே வந்ததில்லை. ஆகவே ஆய்வாளர் காரணம் சொல்லாமல் ஒதுங்கினார். அக்கா காரணம் புரியாமல் வாடினார். சென்ற வாரம்தான் அந்த அழைப்பு வந்தது.

“பிப்ரவரி எட்டு, சனிக்கிழமை, நான் பையன் வீட்டோடயே போயிடறேன்டி. ஒன்பது மணி நேர ரயில். ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன், எதிரெதிர் சீட்டு. நீ கூட வந்து என்னை விட்டுட்டு வா. வரலைன்னா, அக்கா வேண்டாம்னு நீ முடிவு பண்ணிட்டேன்னு எடுத்துக்குவேன். அப்புறம் போன் பண்ணிக்கூட உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

ஒன்பது நிமிடமென்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். ஒன்பது மணி நேரம், எதிரெதிர் இருக்கை! போனால் மானம் போகும், போகாவிட்டால் அக்கா போவாள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே ஆய்வாளர் அறை எண் 6-க்கு வந்திருந்தார்.

இயன்முறை மருத்துவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது கைகளால் காற்றில் தசைகளை வரைந்து காட்டுவது அவர் பழக்கம்.

“இருமினா, தும்மினா, கனம் தூக்கினா எப்படி இருக்கு மேடம்?”

“கொஞ்சம் கொஞ்சம். சிரிச்சாத்தான் மோசம்.”

“கடைசியா எப்ப நல்லா சிரிச்சீங்க?”

“போன வருஷம் மே மாசம். தேதி வேணுமா?”

மருத்துவர் புன்னகையை அடக்கிக்கொண்டு, இரு கைகளையும் கோத்துத் தொட்டில் போலப் பிடித்தார். “இடுப்பு எலும்புக்கு அடியில இப்படி ஒரு தசை, தொட்டில் துணி மாதிரி எல்லாத்தையும் தாங்கிட்டு இருக்கு. இடுப்புத்தள தசைன்னு பேரு. அது தளர்ந்தா இந்த மாதிரி ஆகும். பயிற்சி கொடுத்தா பெரும்பாலும் தேறிடும். பன்னிரண்டு வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி அதோட பலத்தை அளந்துடலாம்.”

‘அளந்துடலாம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் நோயாளி மறைந்து அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எதால அளப்பீங்க?”

“முதல்ல விரலால.”

“விரலுக்கு முத்திரை இருக்கா?”

“கையுறை இருக்கு மேடம்.”

விரலால் அளக்கும் முறையை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கையுறை அணிந்த விரலை உள்ளே வைத்து, தசையை இறுக்கி மேலே தூக்கச் சொல்வார். அசைவே இல்லையெனில் சுழியம். துடிப்பு மட்டும் தெரிந்தால் ஒன்று. இப்படியே ஏறி, விரலை வலுவாகப் பற்றி உள்ளிழுத்தால் ஐந்து.

“ஒன்பது வருஷமா இந்த விரல்தான் மேடம் அளக்குது.”

“ஒன்பது வருஷத்துல ஒரு தடவையாவது யாராவது அதைச் சரிபார்த்தாங்களா?”

“பார்த்தோமே. நானும் இன்னொரு பிசியோவும் ஒரே இருபது பேரைத் தனித்தனியா அளந்தோம். மூணு பேருக்குத்தான் மார்க் மாறிச்சு.”

“பதினஞ்சு சதவீதப் பிழை. கடைக்காரனா இருந்திருந்தா விரலைப் பறிமுதல் பண்ணியிருப்பேன்.”

மருத்துவர் சிரித்துக்கொண்டே திரையை இழுத்துவிட்டார். சோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மதிப்பெண் இரண்டு.

“பத்துக்கா?” என்றார் ஆய்வாளர்.

“அஞ்சுக்கு.”

“அஞ்சுக்கு ரெண்டுன்னாலும் அடி மாட்டுக் கணக்காச்சே! ஒரு அரை மார்க் கூடப் போடக் கூடாதா? விரல்னா அப்படித்தான் இருக்கும். மெஷின் இல்லையா?”

இருந்தது. பேனாவைவிடச் சற்றுப் பருத்த ஒரு முனை, அதற்கு ஓர் உறை, அதிலிருந்து நீளும் ஒரு குழாய், குழாயின் மறுகோடியில் எண் காட்டும் பெட்டி. தசை முனையை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். ஆய்வாளர் முதலில் அதன் சான்றிதழைக் கேட்டார். மருத்துவர் கொடுத்தார். முன்பக்கம், பின்பக்கம், கையொப்பம், தேதி என்று அனைத்தையும் படித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தபின், “இதை நம்பறேன்” என்று அறிவித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார்.

“மூணுன்னதும் இறுக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு.”

ஆய்வாளர் தம் கடமையுணர்ச்சி முழுவதையும் திரட்டினார். கழுத்து நரம்புகள் புடைத்தன. காது சிவந்தது. பெட்டியில் எண் விறுவிறுவென்று ஏறி அறுபத்தொன்றில் நின்றது.

“மத்தவங்களுக்கு எவ்வளவு வரும்?” என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

“நல்லா இருக்கறவங்களுக்கே முப்பது, நாப்பது.”

கிராம் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அறுபத்தொன்று! விரலின் குட்டு வெளிப்பட்டுவிட்டது. பாவம் இந்தப் பெண், ஒன்பது ஆண்டுகளாகப் பொய்யான விரலை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குக் குறைத்துப் போட்டிருக்கிறாளோ என்று அவருக்கு இரக்கம்கூட வந்தது. ஆனால் மருத்துவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“மேடம், மூச்சை எங்க வச்சிருந்தீங்க?”

“அடக்கி வச்சிருந்தேன்.”

“வயிறு?”

“அது பாட்டுக்கு இருந்துச்சு.”

“இல்ல மேடம். என் கை உங்க வயித்து மேலதான் இருந்துச்சு. முன்னாடி தள்ளிட்டு வந்துச்சு. நீங்க இறுக்கலை, முக்குனீங்க. இந்த மெஷினுக்கு அழுத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாது. கீழேர்ந்து தசை தூக்கினாலும் எண் ஏறும், மேலேர்ந்து வயித்தால தள்ளினாலும் ஏறும்.”

“ஆதாரம்?”

மருத்துவர் ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் வைத்தார். திரையில் சாம்பல் மூட்டத்துக்கு நடுவே ஒரு கரிய வட்டம் தெரிந்தது. “இதுதான் மூத்திரப் பை. அப்ப பண்ணின மாதிரியே இப்ப பண்ணுங்க. தசை வேலை செஞ்சா இது மேல ஏறணும்.”

ஆய்வாளர் பண்ணினார். கரிய வட்டம் அவர் கண்ணெதிரிலேயே, லிஃப்ட் போல, கீழே இறங்கியது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகத் தட்டின் மேல் கட்டைவிரலை வைத்து எடையைக் கூட்டியவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர், இன்று தம்மைத் தாமே பிடித்துக்கொடுத்து நின்றார். “தட்டுல கட்டைவிரல்” என்று முணுமுணுத்தார். “கருவி நல்ல கருவிதான். ஆள்தான் சரியில்ல.”

மூச்சை விட்டபடி, வயிற்றைத் தளர்த்தி, தசையை மட்டும் தூக்கியபோது உண்மையான எண் வந்தது. ஒன்பது.

அடுத்தது கடைசிச் சோதனை. உலர்ந்த நாப்கின் ஒன்றை எடை போட்டு அணிந்துகொள்ள வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். நடந்து, படியேறி, இருமி, ஓடும் தண்ணீரில் கை கழுவி, ஒரு மணி நேரம் கழித்து அந்த நாப்கினை மீண்டும் எடை போட வேண்டும். கூடியிருக்கும் கிராம் எவ்வளவோ, கசிவு அவ்வளவு. இம்முறையைக் கேட்டதும் ஆய்வாளரின் உள்ளம் சற்றுத் தேறியது. கிராம் என்பது அவருக்குப் பிறந்த வீடு.

மருத்துவர் அலமாரியிலிருந்து ஒரு சிறிய மின்னணுத் தராசை எடுத்து மேசை மீது வைத்தார். அது மேசையைத் தொட்ட மறுகணம் ஆய்வாளரின் கை அதைக் குப்புறக் கவிழ்த்தது. அடியில் முத்திரை இல்லை. மறு கை கைப்பையிலிருந்து ‘பயன்படுத்தத் தடை’ என்ற சிவப்புச் சீட்டை உருவி, நூலால் தராசின் கழுத்தைச் சுற்றிக் கட்டி, முடிச்சின் மேல் ஈய வில்லையை வைத்து இறுக்கியது. இவையனைத்தும், அவர் தம்மை நோயாளி என்று நினைவுபடுத்திக்கொள்வதற்குள் முடிந்துவிட்டன.

“மேடம்,” என்றார் மருத்துவர் மெதுவாக, “இப்ப உங்களைத்தானே அதுல எடை போடணும்?”

“எனக்குன்னா சட்டம் வளையுமா?” என்றார் ஆய்வாளர். சொன்ன பிறகுதான், தம் காலை வாரிவிட்டது தாமேதான் என்பது அவருக்கு விளங்கியது.

வேறு வழியில்லை. வாசலில், அலுவலக வண்டியின் அருகே, பெட்டிக்காரர் நின்றிருந்தார். சோதனைத் தராசும் படிக்கற்களும் கொண்ட மரப்பெட்டியைச் சுமந்து பத்தொன்பது ஆண்டுகளாக ஆய்வாளருடன் கடை கடையாக ஏறி இறங்கியவர். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. ஆய்வாளர் ஒரு காகித உறையைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். ஒரு மணி நேரம் கழித்து, மற்றோர் உறையை நீட்டினார். இரண்டும் நன்றாக ஒட்டப்பட்டிருந்தன.

“முன்னாடி பன்னிரண்டு, இப்ப அம்பது” என்று பெட்டிக்காரர் படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் படித்தார். “முப்பத்தெட்டு கிராம் கூடியிருக்கே மேடம்! தண்ணி தெளிச்சு எடை ஏத்தியிருக்காங்க. பகல் கொள்ளை! யார் கடை?”

“தெரிஞ்ச கடைதான் அண்ணே.”

“ரொம்ப நாளா நடத்தறாங்களா?”

“அம்பத்திரண்டு வருஷமா.”

“அவ்வளவு பழசா? அப்ப மூடிட வேண்டியதுதான்.”

“பன்னிரண்டு வாரம் டைம் கொடுத்திருக்கு” என்றார் ஆய்வாளர்.

அந்தப் பன்னிரண்டு வாரங்களைப் பற்றிக் கடைத்தெரு இன்றளவும் பேசுகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒவ்வொரு வேளையும் பத்து முறை. ஒவ்வொரு முறையும் பத்து வினாடி இறுக்கிப் பிடித்து, பத்து வினாடி விட வேண்டும். மூச்சு நிற்கக் கூடாது. புருவம் அசையக் கூடாது. வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது. காலை வேளை வீட்டில் ஆயிற்று. மாலை வேளையும் வீட்டில் ஆயிற்று. நடுப்பகல் வேளை மட்டும் கடைகளில் தராசின் முன் நின்றபடி நடந்தது.

கடைக்காரரின் பார்வையில் இதைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். கிராம் அம்மா வருகிறார். தராசைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. சிலையாக நிற்கிறார். பத்து வினாடி. பிறகு மெல்ல மூச்சு விடுகிறார். மீண்டும் பத்து வினாடி. வழக்கமாக அவர் அதட்டுவார். அதட்டலுக்குப் பதில் சொல்லிப் பழகியிருந்தார்கள். இந்த அமைதிக்குப் பதில் எவரிடமும் இல்லை. மூன்றாவது பத்து வினாடியில் ஒரு மளிகைக்காரர் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தத்தைத் தாமே பிடுங்கி மேசை மேல் வைத்தார். ஐந்தாவதில் ஒரு மீன் கடைக்காரர், கேட்காமலேயே, தம் மைத்துனர் கடையையும் காட்டிக்கொடுத்தார். அலுவலகத்தில் பறிமுதல் செய்த தராசுகளை வைக்க இடமில்லாமல் போயிற்று.

அறை எண் 6-இன் தராசும் டிசம்பரில் முத்திரைக்காக ஆய்வாளரின் அலுவலக வரிசைக்கு வந்தது. மருத்துவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வெங்காய வியாபாரிக்கும் ஒரு நகைக்கடைச் சிப்பந்திக்கும் நடுவே இரண்டு மணி நேரம் காத்திருந்தார். ஆய்வாளர் அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தராசை ஏழு எடைகளில் சோதித்து, சரியாக இருக்கக் கண்டு, முத்திரை குத்தி, “அடுத்தது” என்றார்.

அக்கா ஜனவரியில் ஒருமுறை அழைத்தார். சாமான் கட்ட வந்த ஆள், பீரோவைத் தூக்கும்போது தன் மனைவியைப் பற்றிப் புலம்பியதை அக்கா நடிக்கத் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே ஆய்வாளருக்கு அபாய மணி அடித்தது.

“அக்கா, ஆபீஸ் வேலை. வச்சிடறேன்.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடி.”

ஆய்வாளர் பல்லைக் கடித்துக்கொண்டார். வாயைத் திறந்திருந்தால் சிரித்திருப்பார்.

“நீ பல்லைக் கடிக்கிற சத்தம் இங்க கேக்குது” என்றார் அக்கா. முப்பத்தொரு ஆண்டு பழகிய காது அது. கேட்டதில் பிழையில்லை; பொருள் கொண்டதில்தான் பிழை. “என் மேல அவ்வளவு கோபமா? சரி. எட்டாம் தேதி. ரெண்டு டிக்கெட். அவ்வளவுதான் சொல்லுவேன்.”

ஆய்வாளர் தொலைபேசியை வைத்துவிட்டு, அன்று நான்காவது வேளையாக ஒரு முறை கூடுதல் பயிற்சி செய்தார்.

பிப்ரவரி 6, வியாழக்கிழமை, பகல் ஒன்றரை மணிக்கு இறுதிச் சோதனை நடந்தது. விரல் நான்கு என்றது. கருவி இருபத்தேழு என்றது. அறுபத்தொன்றிலிருந்து இருபத்தேழுக்கு இறங்கியதைத் தம் முன்னேற்றமாக ஏற்க ஆய்வாளரின் ஒரு பாதி மறுத்தது. மறுபாதி, “அது கட்டைவிரல், இது சரக்கு” என்று எடுத்துச் சொல்லி வென்றது. பிறகு தண்ணீர் குடித்தார், நடந்தார், படியேறினார், இருமினார், கை கழுவினார். முத்திரை பெற்ற தராசு பதின்மூன்று காட்டியது. ஒரே ஒரு கிராம்தான் கூடியிருந்தது.

“ஒரு கிராம்னா வேர்வையாக்கூட இருக்கலாம்” என்று மருத்துவர் கைதட்டினார். “பாஸ்! தைரியமா ரயில் ஏறுங்க.”

“இல்ல” என்றார் ஆய்வாளர்.

“என்ன இல்ல?”

“மூட்டை தூக்கற தராசை அம்பது கிராம் கல்லை வச்சு சோதிச்சா நான் முத்திரை குத்துவேனா? எந்தக் கனத்தைத் தாங்கப் போகுதோ அந்தக் கனத்தை வச்சுத்தான் சோதிக்கணும். நான் இருமலுக்குப் பயந்து ஒளியலை டாக்டர். படிக்கட்டுக்குப் பயந்தும் ஒளியலை.”

“அப்ப எதை வைக்கணும்?”

 தம் தொழில் தம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதை ஆய்வாளர் கண்டுகொண்டார். அந்தக் கனத்தை இந்த அறைக்கு வரவழைக்க வேண்டுமானால், ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

“எங்க அக்காவை” என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை எடுத்தார்.

ஒரே மூச்சில், எங்கும் நிறுத்தாமல், அறிக்கை வாசிப்பதுபோல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மறுமுனையில் ஓசையே இல்லை. அக்கா வாழ்வில் இணைப்பு இருந்தும் பேச்சில்லாமல் போனது அதுவே முதல் முறை.

“அக்கா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். அந்தப் பல் டாக்டர் அன்னைக்கா?”

“ஆமா.”

“அப்ப சோபாவுல அது தேநீர் இல்லையா?”

“மேல ஊத்தினது தேநீர்தான்.”

அரை மணி நேரத்தில் வாடகைக் காரில் அக்கா வந்து இறங்கினார். சுமை வந்துவிட்டது, இனிச் சோதனையைத் தொடங்கலாம் என்று ஆய்வாளர் புது நாப்கினை எடை போட்டு, மீண்டும் அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, நாற்காலியில் ஆயத்தமாக உட்கார்ந்தார். ஆனால் எதிரில் உட்கார்ந்த அக்கா வாயைத் திறந்ததும் வந்தது அழுகை.

“நான் சிரிக்க வச்சு சிரிக்க வச்சுத்தானேடி உனக்கு இப்படி ஆயிடுச்சு? பாவி, அந்த மாமியார் சீனை நான் ரெண்டு தடவை நடிச்சேனே!”

“அக்கா, அழாதே. சிரிக்க வை. டைம் ஓடுது.”

“எப்படிடி வரும்? ஒண்ணே முக்கால் வருஷமா உன்னை எவ்வளவு திட்டியிருப்பேன், மனசுக்குள்ள. மனசுக்குள்ள மட்டும் இல்ல.”

“மேலாளர் தும்முறது?”

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு முயன்று பார்த்தார். உண்மையான தும்மல்தான் வந்தது. வக்கீல் வரவில்லை, பூனை வரவில்லை. மணி மூன்றே முக்கால் ஆயிற்று. குடித்த தண்ணீர் மட்டும் தன் கடமையைச் செய்யக் காத்திருந்தது. மருத்துவர் கவலையோடு கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணி நேரம் இந்த அக்காவோடு தாராளமாகப் போகலாம், ஆனால் இந்த அக்காவோடு போய் என்ன பயன் என்று ஆய்வாளருக்குத் தோன்றியது.

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேட்டார். “அது என்ன தசைம்மா? எனக்கும் இருக்குமா?”

“எல்லாருக்கும் இருக்கும்மா. நீங்களும் பண்ணிப் பாருங்களேன். காத்தை அடக்கற மாதிரி உள்ள இறுக்கி, மெதுவா மேல தூக்கணும்.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டார். இறுக்கினார். முதலில் புருவங்கள் மேலே போயின. பிறகு தோள்கள் போயின. அதன்பின் இரண்டு கால் கட்டைவிரல்களும் செருப்பை விட்டு எழும்பின.

“அம்மா, அதெல்லாம் வேற தசை” என்றார் மருத்துவர்.

“இரும்மா, தேடறேன்.” அக்கா கண்ணை மூடினார். காதருகே ஒரு கையைக் குவித்தார். முப்பத்தொரு ஆண்டுப் பழக்கத்தில் மறு கை காற்றில் ஓர் இணைப்பைச் செருகியது. பதிவு செய்த பெண் குரல் ஒன்று, எவ்விதச் சலனமும் இன்றி, அறையில் ஒலித்தது:

“நீங்கள் தொடர்புகொள்ள விரும்பும் தசை, தற்சமயம் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது. தயவுசெய்து சிறிது நேரம் கழித்து முக்கவும்.”

ஆய்வாளர் முதல் மூன்று வினாடி ஓசையின்றிக் குலுங்கினார். பிறகு இருபத்தொரு மாதப் பாக்கியும் ஒன்றாக வெளியே வந்தது. நாற்காலியின் கைப்பிடியில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வழியச் சிரித்தார். பன்னிரண்டு வாரம் படித்த பாடம் முழுவதும் காற்றில் பறந்தது. பாதி வழியில்தான் நினைவு வந்து, “ஐயோ, இறுக்கணும்!” என்று கத்தினார். இறுக்கினார். தசை கேட்டது. சிரிப்பு நடந்துகொண்டேயிருக்க, கீழே கதவு அடைபட்டதை அவர் தெளிவாக உணர்ந்தார். அப்படி அடைத்துக்கொண்டே சிரிக்க முடியும் என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்ததால், மேலும் சிரித்தார். மருத்துவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தொழில் தெரிந்தவர். விட்ட இடத்திலிருந்து வக்கீலைப் பிடித்தார்.

எடை போடும் நேரம் வந்தபோது, தம் சரக்கைத் தாமே எடை போடக் கூடாது என்று ஆய்வாளர் பெட்டிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர், பழைய எடை மேலே எழுதி ஒட்டியிருந்த உறையை வாங்கி, தராசின் முத்திரையைப் பார்த்து, தட்டில் வைத்தார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றனர்; மூச்சைப் பிடிக்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்த மருத்துவரும் பிடித்துக்கொண்டார்.

“முன்னாடி பன்னிரண்டு. இப்ப பதினஞ்சு. மூணு கிராம் மேடம்” என்றார் பெட்டிக்காரர். “இது அந்தப் பழைய கடைதானே? முப்பத்தெட்டு அடிச்சவங்க மூணுக்கு வந்துட்டாங்களா! என்ன பண்ணலாம், மூடிடலாமா?”

சுழியம் இல்லை.  அக்கா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, உலகத்துல பிழையே இல்லாத தராசு உண்டா?”

“நான் தூக்கின வரைக்கும் இல்ல மேடம்.”

“பெரிய மூட்டைக்குக் கொஞ்சம் பிழை அனுமதிக்கிறோம் இல்ல?”

“அனுமதிக்கிறோம்.”

“இன்னைக்கு வச்சது பெரிய மூட்டை” என்று சொல்லி ஆய்வாளர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். கைப்பையைத் திறந்து ஒரு பச்சைச் சீட்டை எடுத்தார். பயன்பாட்டுக்குத் தகுதி என்று எழுதினார். அடுத்த சோதனை பன்னிரண்டு வாரம் கழித்து என்றும் எழுதினார். பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, அதை நான்காக மடித்துத் தம் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகிக்கொண்டார்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு ரயில்?”

“ஆறு நாப்பது. காலையில” என்றார் அக்கா. குரல் அவருடைய சொந்தக் குரலாக இருந்தது.  “வர்றியாடி?”

“வர்றேன். ஒரு பாக்கெட் நாப்கினும் எடுத்துட்டு வர்றேன். சீட்டை மட்டும் மாத்து. எதிர்ல வேண்டாம், பக்கத்துல உக்காரு. உன் மூஞ்சியைப் பார்த்துட்டே ஒன்பது மணி நேரம்னா, அதுக்கு இன்னும் டாக்டர் பயிற்சி கொடுக்கலை.”

“பக்கத்துல உக்காந்தா காதுக்குள்ளேயே பேசுவேன்டி.”

ஆய்வாளர் இறுக்கிக்கொண்டார். பிறகு சிரித்தார். இம்முறை வரிசை தவறவில்லை.

சுவர்க் கடிகாரம் ஒரு நிமிடம் வேகமாக ஓடுவதை அவர் கண் கவனித்தது. கை கைப்பைக்குள் போனது. சிவப்புச் சீட்டைத் தொட்டது. எடுக்காமலே திரும்பி வந்து, அக்காவின் தோளைப் பற்றிக்கொண்டது. இருவரும் அறை எண் 6-ஐ விட்டு வெளியேறியபோது, அந்த ஒரு நிமிடத்தைக் கழித்துப் பார்த்தால், மணி சரியாக மாலை 4.17.